பாக்கலாமுங்க

முந்தின நாள் சாயங்காலம் பிடித்த பனி விடியக்காலம் நாலு மணிக்குத்தான் ஓய்ந்தது. நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் சுவரோடு சுவர் ஒட்டிய அந்த டவுன்ஹவுஸ் வரிசை முழுக்க ஒரே வெள்ளை. எது நடைபாதை, எது புல்தரை, எது யார் வீட்டு வாசல் என்று ஒன்றும் தெரியவில்லை. சாந்தாமணி புருஷனின் பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காதை மூடி ஈரோட்டுத் துண்டைச் சுற்றி, அதன் மேல் குல்லாவை இழுத்துவிட்டு, பனி தள்ளுகிற ஷவலோடு வெளியே வந்தாள். மணி ஆறு.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு நோரிகோ முந்திக்கொண்டுவிட்டாள். அவள் வாசல் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. உப்புகூடத் தூவியாகிவிட்டது. ஆனால் பனி தள்ளிய கோடு நோரிகோ வீட்டு எல்லையோடு நிற்கவில்லை. சாந்தாமணி வாசலுக்குள் ஒரு அடி வந்து, ஸ்கேல் வைத்து இழுத்தது போல நின்றிருந்தது. அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை.

நான்கு வருஷமாக இதே கதை. சாந்தாமணிக்கு இது புரிந்ததே இல்லை. உதவி செய்வதென்றால் முழுசாகச் செய்ய வேண்டும், முடியாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும், இதென்ன கணக்காக ஒரு அடி? அதனால் அவள் தன் வழக்கப்படி செய்தாள். தான் முதலில் எழுந்த நாளிலெல்லாம் நோரிகோவின் வாசல், படி, கார் நிற்கிற இடம், தபால் பெட்டி வரைக்கும் மொத்தமாகத் தள்ளிவிடுவாள். ஐம்பது வயசு, ஒண்டிக்கட்டை, ஒடிசலான உடம்பு, பாவம். இந்தக் குளிர்காலத்தில் நோரிகோ எழுகிற நேரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஏழு மணி ஆறரையாகி, ஆறாகி, இன்றைக்கு ஐந்துக்கே இறங்கியிருப்பாள் போல. சாந்தாமணியும் விடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இது ஒரு பந்தயம் என்பதே அவளுக்குத் தெரியாது.

"இன்னைக்கு அந்தம்மா முந்தீட்டாங்களாட்ட இருக்குது," என்றான் ஜெயபிரகாஷ், காபி டம்ளரோடு கதவைப் பாதி திறந்து. அவனுக்கு எட்டு மணிக்கு மீட்டிங். பனியில் இறங்குகிற உத்தேசமே இல்லை.

"நாளைக்குப் பாருங்க. நாலரைக்கு அலாரம் வெக்கறேன்."

"அது கெடக்குது. கையெழுத்து என்னாச்சு? ஃபார்ம் குடுத்துப் பத்து நாளாச்சு. வார வியாழக்கெழம கமிட்டி."

"போட்டுருவாங்க. ரொம்ப கேர்ஃபுல்லா திங்க் பண்றேன்னு குனிஞ்சு குனிஞ்சு சொன்னாங்களே."

"அப்பச் செரி," என்று அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஈரப்பனி கனக்கும். வாரி எறிந்தால் மூன்றாவது வாரலில் இடுப்பு போய்விடும். சாந்தாமணி ஷவலைத் தரையோடு சாய்த்து, தொடையால் முட்டுக்கொடுத்து, வண்டி தள்ளுவது போலத் தள்ளினாள். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் மஞ்சள் காட்டில் வளர்ந்த உடம்பு அது, வேலைக்குப் பயப்படாது. பயமெல்லாம் அந்தக் கையெழுத்தின் மேல்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோபியில் நர்சரிப் பள்ளி டீச்சர். முப்பத்தைந்து பிள்ளைகளை ஒற்றை ஆளாகத் தூங்க வைத்தவள். இங்கே வந்த பிறகு பதினோரு வருஷம், விசா வேலை செய்ய விடவில்லை. போன ஆகஸ்டில் கிரீன் கார்டு வந்த அன்றைக்கே வீட்டிலேயே டேகேர் வைப்பது என்று முடிவு செய்துவிட்டாள். ஐந்து குழந்தைகள். முதலுதவி வகுப்புக்குப் போனாள், மாடிப்படிக்குக் கம்பிக் கதவு வைத்தாள், இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்துவிட்டது. மூன்றாவது தெரு மானஸா தன் மகள் தீக்ஷாவை மார்ச் ஒன்றாம் தேதி கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி வேலைக்கு ஆஃபரும் வாங்கிவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் தொழில் நடத்த வேண்டுமானால், சுவரைப் பங்கிட்டுக்கொள்கிற பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் குடியிருப்பு அசோசியேஷன் விதி. சாந்தாமணி வீடு வரிசையில் கடைசி வீடு. பங்கிடுகிற சுவர் ஒன்றுதான், அந்தப் பக்கம் இருப்பது நோரிகோ.

நோரிகோ கியோட்டோக்காரி. ஆயிரம் வருஷம் ஜப்பானுக்குத் தலைநகராக இருந்த ஊர், அந்த ஊர்க்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை என்பார்கள். பிரின்ஸ்டனில் ஒரு நூலகத்தில் பழைய ஜப்பானியக் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்வாள். அவளைப் போல இனிமையாகப் பேசுகிறவளை சாந்தாமணி இந்த நாட்டில் பார்த்ததில்லை. மகள் யாமினி பரதநாட்டியம் ஆரம்பித்த புதிதில் நோரிகோ வாசலில் நிறுத்தி, "உங்கள் மகள் எவ்வளவு ஆர்வமாக ஆடுகிறாள், தினமும் கேட்டு மகிழ்கிறேன்," என்று சொன்னாள். சாந்தாமணி பூரித்துப் போய் மகளின் பயிற்சியை ஒரு மணியிலிருந்து இரண்டு மணியாக்கினாள். ஒரு டப்பா நிறைய அரிசிம்பருப்புச் சோறும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில்தான் குட்டு உடைந்தது. டல்லஸில் இருக்கும் கந்தசாமி, ஜெயபிரகாஷுக்குப் பெரியப்பா மகன், போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஜெயபிரகாஷ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சாந்தாமணி தோசைக் கல் முன்னால் நின்றாள்.

"ஜெயா, ஜூலைல நம்மூருக்காரங்க கூடறோமல்ல, வள்ளி கும்மி வெச்சிருக்குது. உம்பட பேரை எழுதிக்கட்டுமா? ஜூம்ல பயிற்சி, ஒண்ணும் செரமமில்ல."

"பாக்கலாமுங்ணா," என்றான் ஜெயபிரகாஷ்.

"செரி செரி, விடு. அடுத்த வருசம் வெச்சுக்கலாம். பாப்பா நல்லாருக்குதா?"

பேச்சு பாப்பாவுக்குப் போய், பனிக்குப் போய், முடிந்தது. சாந்தாமணி கரண்டியோடு திரும்பினாள்.

"ஏனுங்க, கும்மிக்குப் போறீங்களா?"

"அதான் பாக்கலாமுங்ணான்னு சொல்லீட்டனே."

"முடியாதுன்னு சொல்லவே இல்லியே."

"மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்புடிச் சொல்றது? அவருக்கு அது தெரியாதா? உடனே விட்டுட்டாரு பாத்தியல்ல."

தோசை ஒரு பக்கம் கருகி வாசம் வந்தது. சாந்தாமணி திருப்பிப் போடவில்லை.

"நோரிகோ அதத்தானுங்க சொல்லீருக்கறாங்க," என்றாள்.

"எத?"

"பாக்கலாமுங்கன்னு. யோசிக்கிறேன்னு சொன்னாங்களே, அது எங்கப்பன் பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட சொல்ற அதே பாக்கலாமுங்க. எனக்குப் புரியாமப் போச்சு. இங்கிலீஷ்ல சொன்னதால ஏமாந்துட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வரவர முகம் சுட்டது. யாமினியின் ஆர்வத்தைப் புகழ்ந்தது. 'உங்கள் வீட்டுச் சமையல் வாசம் எங்கள் மாடி வரைக்கும் வருகிறது, தினம் ஒரு புது வாசம்' என்றது. வாசலை மொத்தமாகத் தள்ளிவிட்ட அன்றைக்கு, 'நீங்கள் எவ்வளவு பலசாலி, எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்றது. அத்தனையையும் இவள் மெடல் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாள், நான்கு வருஷமாக.

மாடிப்படியில் யாமினி நின்றுகொண்டிருந்தாள். பதினாலு வயசு, தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "அம்மா, ஷி வாஸ் பீயிங் பொலைட். ஐ கைண்டா நியூ."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா கண்ணு?"

"யூ வேர் ஸோ ஹேப்பி."

ஜெயபிரகாஷ் கையைத் துடைத்துக்கொண்டு, "விடு, நான் அசோசியேஷன் மேனேஜருக்கு ஈமெயில் போடறேன். எக்ஸெப்ஷன் கேப்போம். இல்லீன்னா ஒரு லாயரப் புடிச்சு லெட்டர்..." என்றான்.

"வேண்டாமுங்க. லெட்டர் போட்டுக் கையெழுத்து வாங்கீட்டு, அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் எப்புடி அஞ்சு கொழந்தைகள வெச்சுட்டு உக்காந்திருக்கறது? பதினோரு வருசம் சும்மா இருந்தாச்சு. இத நானே போய் வாங்கறேன். இல்லீன்னா அவங்க வாயால இல்லேன்னாச்சும் வாங்கீட்டு வர்றேன்."

எப்படி வாங்குவது என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன அக்டோபரில் நூலகத்தில் பழைய காகிதங்களைப் பார்வைக்கு வைத்தபோது நோரிகோ அழைத்தாள் என்று போயிருந்தாள். கண்ணாடிக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு நோட்டு. நோரிகோவின் சொந்தத் தெருவின் விதிகளை எழுதி வைத்த நோட்டு. ஊரே எரிந்துபோன பெரிய தீக்குப் பிறகு, இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், மறுபடி எழுதினது. தெருவுக்குள் புதிதாகக் குடிவர, தொழில் தொடங்க, எல்லா வீட்டாரும் முத்திரை வைக்க வேண்டும். வருகிறவன் எதிரே மூன்று வீடு, பக்கத்து வீடுகள் என்று வாசல் வாசலாகப் போய் நின்று, என்ன தொழில், எத்தனை மணிக்கு, எவ்வளவு சத்தம் என்று வாயால் சொல்ல வேண்டும். "இப்போதும் வீடு மாறினால் போய்ச் சொல்வோம், ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்போம்," என்றாள் நோரிகோ. அன்றைக்கு அதைக் கேட்டு சாந்தாமணி, நல்ல பழக்கமாட்ட இருக்குது என்று நினைத்ததோடு சரி.

பரணில் இருந்த பெட்டியை இறக்கினாள். பெட்டிக்குள் பிரிக்காத ஈரோட்டுத் துண்டு இல்லாத கொங்கு வீடு நியூஜெர்சியில் கிடையாது. நாலு துண்டு எடுத்து மடித்து இஸ்திரி போட்டாள். யாமினியை லேப்டாப்போடு உட்கார வைத்து ஒரு காகிதம் அடிக்கச் சொன்னாள். ஏழரைக்குக் கார்கள் வரும், கதவு சாத்துகிற சத்தம். எட்டு வரைக்கும் அழுகை. பத்து மணிக்குப் பாட்டு.

"அம்மா, நோபடி ரைட்ஸ் 'லவுட் க்ரையிங்' ஆன் எ ஃபார்ம்."

"எழுது கண்ணு. உள்ளத எழுது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி ஒரு அங்குலம் பனி விழுந்தது. சாந்தாமணி தன் வாசலைத் தள்ளி, எல்லையைத் தாண்டி நோரிகோ பக்கம் காலால் ஒரு அடி அளந்து, அவ்வளவையும் தள்ளிவிட்டு நின்றாள். ஷவலைச் சுவரில் சாத்துவது அவளுக்குச் சுலபமாக இல்லை. நோரிகோ வீட்டுப் படி இரண்டும் பனி மூடிக்கிடந்ததைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. பிறகு உடை மாற்றிக்கொண்டு எதிர் வீடுகள் மூன்றுக்கும் போனாள். ஒரு வீட்டில் துண்டை விரித்துப் பார்த்து மேஜை விரிப்பா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் டேகேர் என்றதும் இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைசியாக நோரிகோ வீட்டு மணியை அழுத்தியபோது மணி நாலு.

நோரிகோ கதவைத் திறந்தாள். நீட்டிய துண்டைப் பார்த்தாள். பிறகு சாந்தாமணியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உள்ளே வாருங்கள்," என்றாள்.

இரண்டு பேரும் பேசியது இங்கிலீஷில். இரண்டு பேருக்கும் அது சொந்தமில்லை, அவரவர் ஊர்ப் பேச்சை அதற்குள் பொதிந்து வைத்துத்தான் பேசினார்கள்.

"டேகேர் வெக்கப் போறனுங்க. உங்ககிட்ட மொறையாச் சொல்லாம ஃபார்மைக் கையில குடுத்துட்டுப் போயிட்டேன், தப்பு," என்று சொல்லி சாந்தாமணி காகிதத்தை மேஜையில் வைத்தாள். "எந்நேரத்துக்கு என்ன சத்தம்னு எழுதீருக்கறேன்."

நோரிகோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். மேஜை முழுக்க அந்த நோட்டின் போட்டோக்கள் பரப்பியிருந்தன. பக்கத்தில் பென்சிலால் எழுதிய தாள்கள். பச்சைத் தேநீரைக் கைப்பிடி இல்லாத கோப்பையில் ஊற்றி வைத்தாள்.

அப்போதுதான் சுவர் அதிர்ந்தது.

தைய்யா தை. கோப்பையில் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. பென்சில் ஒன்று உருண்டு மேஜை ஓரத்துக்குப் போனது. நோரிகோ அதைப் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்தாள். எத்தனை நாள் பிடித்த கை அது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி யாமினியின் பயிற்சி நேரம் என்பதை சாந்தாமணி மறந்தே போயிருந்தாள். இந்தச் சத்தத்தை இந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

"யாமினி மிகவும் முன்னேறிவிட்டாள்," என்றாள் நோரிகோ.

"இல்லீங்க. இது ரொம்பச் சத்தம்," என்றாள் சாந்தாமணி. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "கண்ணு, நிறுத்து. இனிமேல் கீழ பேஸ்மென்ட்ல ஆடு."

"பட் யூ டோல்ட் மீ டூ அவர்ஸ்."

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன்."

சுவர் அமைதியானது. நோரிகோ கோப்பையைத் துணியால் துடைத்தாள். "அந்த நோட்டை இப்போது உள்ளவர்கள் படிக்க முடிகிற எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்," என்றாள். "காலையில்தான் கண் தெளிவாக இருக்கும். ஆகஸ்டில் எங்கள் தெருவில் குழந்தைகளுக்காக ஒரு பூஜை நடக்கும். அதற்குள் தெருக்காரர்களிடம் கொடுத்தாக வேண்டும். அந்தத் தெருவில் இப்போது ஒன்பது வீடுதான் மிச்சம். மற்றதெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கான லாட்ஜ். வாங்கியவர்கள் யார் வாசலிலும் வந்து நிற்கவில்லை."

"வாசல மொத்தமாத் தள்ளிவுட்டதும் தப்புங்களா?"

நோரிகோ தயங்கினாள். "எங்கள் ஊரில் பக்கத்து வாசலில் ஒரு அடி பெருக்குவோம். பெருக்காவிட்டால் பகை. அதற்கு மேல் பெருக்கினால், நீ பெருக்கமாட்டாய் என்று சொல்வது போல. நீங்கள் தள்ளிய நாளில் நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வர முடியவில்லை."

சாந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். கோபியில் யாராவது வந்து அவள் அம்மா வீட்டு வாசலை மொத்தமாகக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தால், எங்கூட்ல ஆளில்லைன்னு நெனச்சியா என்று அம்மா தெருவையே கூட்டியிருப்பாள். தெரியாத விஷயமே இல்லை. பனி என்றதும் அது வாசல் என்பதே மறந்துபோயிற்று.

"இன்றைக்கு ஒரு அடி தள்ளியிருந்தீர்கள், பார்த்தேன்," என்றாள் நோரிகோ. ஒரு போட்டோவை இழுத்து முன்னால் வைத்தாள். "இவன் டோஃபு செய்கிறவன். எங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறான். விடியும் முன்னால் கல்லில் சோயா அரைப்பான், சத்தம். பதினோரு நாள் காக்க வைத்திருக்கிறார்கள். கோயில் மணி அடித்த பிறகுதான் அரைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு முத்திரை வைத்திருக்கிறார்கள்."

"அந்தக் கடை இருக்குதுங்களா?"

"இருக்கிறது. அவர்களை இன்னும் புதிதாக வந்தவர்கள் என்றுதான் சொல்வோம்."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. நோரிகோ சிரிக்கவில்லை. காகிதத்தை மறுபடி எடுத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து மடித்தாள்.

"நன்றாக யோசித்துச் சொல்கிறேன்," என்றாள்.

சாந்தாமணி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள். எழுந்து போய்விடலாம். கந்தசாமி அண்ணன் அப்படித்தான் விட்டுவிட்டார், மரியாதை தெரிந்தவர். வியாழக்கிழமை கமிட்டி. மானஸாவிடம் என்ன சொல்வது. மூன்றாவது அறையில் சின்னச் சின்னப் பாய் ஐந்து சுருட்டி வைத்திருக்கிறது. அவள் எழவில்லை. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊர்ல பாக்கலாமுங்கன்னு ஒரு வார்த்த இருக்குது. இல்லேன்னு சொல்ல எங்களுக்கு வாய் வராது, அதனால பாக்கலாமுங்கன்னு சொல்வோம். நீங்க சொன்ன யோசிக்கிறேன், யோசிக்கிறதா, இல்ல எங்க பாக்கலாமாங்க?"

நோரிகோவின் கை நின்றது. அவள் காது நுனி சிவந்தது.

"பாக்கலாமு," என்று அந்த வார்த்தையைத் தன் நாக்கில் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். மடித்த காகிதத்தை மறுபடி விரித்தாள். பென்சிலை எடுத்தாள்.

"ஏழரை வேண்டாம்," என்றாள்.

சாந்தாமணி நிமிர்ந்தாள்.

"ஏழரைக்கு முடியாது. எட்டு மணி. வெள்ளிக்கிழமை பாட்டு வேண்டாம், அன்றைக்குப் பத்து மணிக்கு எனக்கு வீட்டிலிருந்து மீட்டிங். குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் நான் எழுதுகிறேன்." ஒவ்வொன்றையும் அடித்து எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமலே, "ஐந்து குழந்தைகளா? எங்கள் தெருவில் போன வருஷப் பூஜைக்கு மூன்றுதான்," என்றாள்.

மானஸா எட்டரைக்கு வேலையில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு விட்டால் ஓடித்தான் போக வேண்டும். ஓடட்டும், பேசிக்கொள்ளலாம். "எட்டு மணிங்க. எழுதிக்குங்க," என்றாள் சாந்தாமணி. ஃபார்மில் நோரிகோ பேனாவால் கையெழுத்துப் போட்டாள். அதோடு விடாமல் அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரையும் வைத்தாள். அசோசியேஷனுக்கு அது தேவையே இல்லை.

"இன்னும் ஒரு கோப்பை டீ?" என்று கேட்டாள்.

சாந்தாமணிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது, கிளம்பு என்கிறாள். சடாரென்று எழுந்தாள். "நேரமாச்சுங்க, போயிட்டு வர்றேன்."

"இல்லை, உட்காருங்கள்," என்றாள் நோரிகோ. "நான் கேட்டது டீ மட்டும்தான்."

உட்கார்ந்து குடித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு, "கசக்குதுங்க," என்றாள்.

நோரிகோ அவளையே பார்த்தாள். "நீங்கள் கொடுத்த அந்தச் சோறு," என்றாள் மெதுவாக, "ரொம்பக் காரம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு வருஷமாக உள்ளே வைத்திருந்த காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக் கதவைத் திறந்தபோது ஜெயபிரகாஷும் யாமினியும் சோபாவில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயபிரகாஷ் எழுந்தே விட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"வேண்டாம்னு சொல்லீட்டாங்க," என்றாள் சாந்தாமணி, ஷூவைக்கூடக் கழற்றாமல். "ஏழரை வேண்டாம், பாட்டு வேண்டாம், நான் குடுத்த சோறு காரம். எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேரா சொல்லீட்டாங்க."

கிரீன் கார்டு வந்த அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை என்று ஜெயபிரகாஷுக்குத் தோன்றியது.